பெர்சி ஓட்டிய கார்

கெட்டில்பெக் ஊரில் எந்தப் பலகையிலும் எழுதப்படாத, ஆனால் எல்லாரும் கடைப்பிடிக்கிற விதி ஒன்று உண்டு: வண்டியை ஓட்டியது யார் என்பதை எவரும் எவரிடமும் சொல்லலாகாது.

எழுதப்பட்ட விதிகளுக்கும் அங்கே குறைவில்லை. ஊர்மன்றத்தின் பின்புறமுள்ள வண்டி நிறுத்தத்தைக் குத்தகைக்கு எடுத்த ஃபேர்பே என்னும் தனியார் நிறுவனம், முதல் வேலையாக அதைச் சுற்றிலும் பலகைகளை நட்டது. நத்தை ஒன்று மூக்குக்கண்ணாடி அணிந்து வந்து நின்று நிதானமாகப் படிப்பதற்கு ஏற்ற உயரத்திலும் எழுத்தளவிலும் அவை அமைந்திருந்தன. இரண்டாவது வேலையாக வாசலில் ஒரு கேமராவைப் பொருத்தியது. அது வண்டி நுழையும்போது ஒரு படமும் வெளியேறும்போது ஒரு படமும் எடுக்கும். இரண்டு படங்களுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் கூடினாலும் போதும். வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய வீட்டுக்கு நூறு பவுண்டு கேட்டுக் கடிதம் வந்துவிடும்.

சட்டம் இதில் ஒரு சந்து விட்டு வைத்திருந்தது. நிறுத்தத்தின் ஒப்பந்தம் வண்டியை ஓட்டியவரோடுதானே தவிர, பதிவுக்குரியவரோடு அல்ல. ஓட்டியவர் பெயர் தெரியாதவரை நிறுவனம் பதிவுக்குரியவரைத் துரத்தலாம். ஆனால் அப்படித் துரத்தும் கடிதம் உரிய காலத்தில், உரிய சொற்களோடு வந்தாக வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் செல்லாது. சொல் பிசகாத கடிதம் ஒன்றை ஃபேர்பே இன்றுவரை அனுப்பியதில்லை. ஆகவே வாயைத் திறக்காமலிருப்பது ஊரின் தற்காப்பாயிற்று. தற்காப்பு பழக்கமாகி, பழக்கம் பண்பாடாகிவிட்டது. ஞாயிறு வழிபாட்டின் தொடக்கத்தில் போதகர், "இங்கு வந்து சேர்ந்திருக்கும் அனைவரையும், எவ்வாறு வந்து சேர்ந்தீர்கள் என்று கேளாத ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்பார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர், தம் மாணவர் எவரும் வண்டி ஓட்டி இதுவரை கண்டதில்லை என்றே விளம்பரம் செய்தார். இந்த வரலாறும் கெட்டில்பெக்கில் நிகழ்வதால், இயன்றவரை அவ்விதிக்குக் கட்டுப்பட்டே சொல்லப்படும்.

இந்த விதியால் மிகவும் துன்புற்றவர் ஹியூபர்ட் ஆக்ராய்ட். அவர் முப்பது ஆண்டுகள் ஊர்ப் பேருந்தின் ஓட்டுநர். இறங்கும் பயணிகள் எல்லாரும் அவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்குவதே அந்த நாட்டு வழக்கம். ஃபேர்பே வந்த பிறகு அவர்கள் அவர் முகத்தைத் தவிர்த்துக் கண்ணாடியைப் பார்த்து, "நன்றி, பஸ்ஸே" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஓய்வு பெற்ற நாளில், 'பேருந்தின் முன்பகுதியில் நெடுங்காலம் அமர்ந்திருந்தமைக்காக' என்று பொறித்த கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார்கள். அவர் அதைச் சுவரில் மாட்டாமல், வெங்காயம் வளர்க்கப் போய்விட்டார்.

கெட்டில்பெக்கில் அதைப் பொழுதுபோக்கு என்று கருதிவிடலாகாது. ஆண்டுதோறும் செப்டம்பரில் ஊர்மன்றத்தில் காய்கறிக் கண்காட்சி நடக்கும். எடையில் முந்தும் வெங்காயத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. கோப்பையைவிடப் பெரியதாக ஓர் உரிமை. அந்த வெங்காயத்தை மறுபடி நட்டு எடுக்கும் விதைக்கு, வளர்த்தவர் விரும்பும் பெயரை வைக்கலாம். அந்தப் பெயர் விதை உறைகளில் அச்சாகி மாவட்டமெங்கும் போகும். கண்காட்சியின் செயலாளரான க்ளிஃபர்ட் ஸ்னெல்லே தொடர்ந்து வென்றுவந்ததால், மாவட்டத்தில் அப்போது விளைந்துகொண்டிருந்தவை 'ஸ்னெல்லின் பெருமை', 'ஸ்னெல்லின் மறுபெருமை', 'ஸ்னெல்லின் அடக்கம்' ஆகியவை. ஹியூபர்ட்டுக்குப் பெருமை வேண்டியிருக்கவில்லை. அவர் தம் விதைக்குத் தெல்மா என்று பெயர் வைக்க விரும்பினார். தெல்மா அவர் மனைவி.

அந்த ஆண்டுக் கண்காட்சி நாளன்று காலை, ஹியூபர்ட்டின் பெயரில் பதிவான பழுப்பு நிறக் கார் ஊர்மன்றத்தை நோக்கிச் செலுத்தப்பட்டது. தேநீர்ப் பொறுப்பாளரான தெல்மா விடியலிலேயே மன்றத்துக்கு நடந்து போய்விட்டார். காரின் இடப்பக்க இருக்கையில், இருக்கைப் பட்டையால் பிணைக்கப்பட்டு, தெல்மா பின்னிய கம்பளித் தொப்பியை அணிந்துகொண்டு பெர்சி அமர்ந்திருந்தான். பெர்சி ஒரு வெங்காயம். நன்கு வளர்ந்த கைக்குழந்தையின் எடையும், அதைவிட அமைதியான சுபாவமும் அவனுக்கு உண்டு.

ஸ்னெல்லின் வெங்காயத்தைப் பெர்சி தெளிவாக வென்றான். முறைப்படிக் கோப்பை நவம்பர் விருந்தில்தான் வழங்கப்படும் என்பதால் கைதட்டலோடு எல்லாரும் கலைந்தார்கள். வினை வாசலில் காத்திருந்தது. வெளியேறும் வழியில் ஒரே நேரத்தில் பல கார்கள் வந்து சேர்ந்தன. கெட்டில்பெக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒவ்வொரு காரும் மற்றக் காருக்கு வழிவிட்டது. "முதலில் நீங்கள்" என்று ஒரு கை அசைந்தது. "இல்லையில்லை, நீங்கள்" என்று எதிர்க் கை அசைந்தது. யாரும் முந்த விரும்பாததால் யாரும் நகரவில்லை. இந்த நாகரிகம் நெடுநேரம் நீடித்தது. கேமரா பொறுமையாகக் காத்திருந்தது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஹியூபர்ட் அதைக் காலை உணவின்போது படித்துவிட்டு, பேனாவைத் தேடினார்.

"தப்பு நம்ம பக்கந்தான் தெல்மா. நேரம் கூடிப்போச்சு. வாசல்ல மாட்டிக்கிட்டோம்னு ரெண்டு வரி எழுதிப்போட்டா புரிஞ்சுக்குவாங்க."

"யாரு மாட்டிக்கிட்டா?" என்றார் தெல்மா, வெண்ணெய் தடவியபடியே.

"வேற யாரு? நா..."

"ஹியூபர்ட்!" வெண்ணெய்க் கத்தி அந்தரத்தில் நின்றது. "ஜன்னல் தொறந்திருக்கு. மொதல்ல போய் பெர்னிஸ்கிட்ட முடி வெட்டிக்கிட்டு வா."

"நேத்துதானே வெட்டினேன்?"

"இன்னைக்கும் வெட்டிக்கோ."

பெர்னிஸ் முடிதிருத்தகம் நடத்துபவர். வண்டி நிறுத்தச் சட்டத்தில் அவரை மிஞ்சிய வழக்கறிஞர் மாவட்டத்தில் இல்லை என்பது ஊரின் கருத்து. அவருடைய கருத்தும் அதுவே. ஆலோசனைக்கு அவர் கட்டணம் வாங்குவதில்லை. முடிக்கு மட்டுந்தான். அதனால் வழக்கு நீளமாக உள்ளவர்கள் தலையில் முடி குறைவாக இருப்பதை ஊரில் காணலாம்.

"வண்டி உங்க பேர்ல இருக்கா?"

"இருக்கு."

"வண்டி அங்க போச்சா?"

"போச்சு. ஏன்னா நா..."

"தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்." கத்தரி ஹியூபர்ட்டின் காதோரம் ஒரு முறை எச்சரிக்கையாகக் கிளிக்கென்றது. "வண்டி போச்சு. அவ்வளவுதான். மழை பெய்யுது. யாரு பெய்யறதுன்னு கேக்குறோமா?"

"ஆனா முப்பது வருஷம் பஸ் ஓட்..."

"இன்னொரு காதும் இருக்கு, மிஸ்டர் ஆக்ராய்ட்."

பெர்னிஸ் சொல்லச் சொல்ல, ஹியூபர்ட் எழுதினார்: 'நான் பதிவுக்குரியவன். ஓட்டியவர் ஓட்டியவரே. இவ்விருவரும் ஒருவர்தானா என்பது பற்றி எனக்குக் கருத்து ஏதுமில்லை.' கையெழுத்திட்டபோது, தம் இரண்டு கால்களையும் அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்ததுபோல் அவருக்கு இருந்தது.

பதில் கடிதத்துக்கு மாறாக ஒரு மனிதரே வந்தார். ஃபேர்பேயின் வாடிக்கையாளர் பரிவுப் பிரிவு மேலாளர் லயனல் ப்ரௌட். அவர் எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வரவேற்பறையில் அமர்ந்து, தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரையைப் போட்டுக்கொண்டு, பரிவோடு தொடங்கினார்.

"நாங்க அபராதம் போடுறதில்ல, மிஸ்டர் ஆக்ராய்ட். அந்த வார்த்தையே எங்க ஆபீஸ்ல யாருக்கும் பிடிக்காது. நாங்க அனுப்புறது ஒரு அழைப்பு. எங்களோட ஒரு உறவத் தொடங்க வாங்கன்னு."

"வண்டிய நிறுத்த எடம் குடுக்குறதுதானே உங்க வேல?"

ப்ரௌட் மனம் புண்பட்டவராகத் தெரிந்தார். "அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. எடத்துல என்ன சார் இருக்கு? ஒழுங்கா வந்து, ஒழுங்கா நிறுத்தி, நேரத்துக்குக் கெளம்பிப் போறவங்களால எங்களுக்கு ஒரு பென்னி பிரயோஜனம் கிடையாது. உண்மையச் சொன்னா எங்க தொழிலுக்கே அவங்கதான் எதிரி. எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. அதுக்கு நன்றி சொல்லத்தான் நேர்ல வந்தேன்."

நன்றி சொல்லி முடித்ததும், பையிலிருந்து பெரிதாக்கிய படம் ஒன்றை எடுத்து விரித்தார். காரின் முன்கண்ணாடி. வலப்பக்கத்தில் வெயில்தடுப்பு இறக்கிவிடப்பட்டிருந்ததால் அங்கே ஒரு நிழல் மட்டுமே தெரிந்தது. இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது.

"படத்துல தெரியற ஒரே முகம் இதுதான். வெளுத்த நெறம். புருவம் கெடையாது. கம்பளித் தொப்பி. ஒடம்பு கொஞ்சம் பூசினாப்பல. பெல்ட் போட்டிருக்கார், அதப் பாராட்டணும். யாரு சார் இவரு?"

"அது பெர்சி."

ப்ரௌட்டின் பேனா பாய்ந்தது. "பெர்சி. குடும்பப் பேரு?"

"குடும்பப் பேரெல்லாம் ஏதுங்க. அது வெங்காயம்."

"மிஸ்டர் ஆக்ராய்ட்." பேனா நின்றது. "ஒருத்தரோட உருவத்த வச்சு இப்படிக் கேலி பண்றத எங்க நிறுவனம் அனுமதிக்காது. எங்களுக்கு வர்ற பணம் எந்த நெறத்து ஆள்கிட்டேர்ந்து வந்தாலும் ஒண்ணுதான். அதுதான் எங்க கொள்கை. அவரு எங்க தங்கியிருக்கார்?"

"பின்னால கொட்டகைலதான். அவன் இடது பக்கம் இருக்கான், பாருங்க. ஸ்டியரிங் வலது பக்கம்."

"வலது பக்கத்துல யாருமே தெரியல. தெரியாத ஒருத்தர ஓட்டுநர்னு நாங்க எப்படிச் சொல்ல முடியும்? அது அநியாயம் இல்லையா? கொட்டகைன்னீங்க. வாடகைக்கா?"

"மணல்ல வச்சிருக்கேங்க."

ப்ரௌட் பேனாவை மூடிவைத்தார். பிறகு நாலாவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக்கொண்டு, "மனசு வலிக்குது" என்றார்.

அன்றிலிருந்து கடிதங்கள் 'திரு. பெர்சி, கொட்டகை, ஆக்ராய்ட் இல்லத்தின் பின்புறம்' என்னும் முகவரிக்கு வரலாயின. முதற்கடிதம் அவனைக் கெட்டில்பெக் சமூகத்துக்கு வரவேற்றது. இரண்டாவது, பரிவுப் பிரிவிலிருந்து வந்த கேள்விகள். தனியாக வாழ்கிறீர்களா? உறக்கம் எப்படி? வெளியில் போய்வருவதுண்டா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது மரியாதையல்ல என்று கருதிய ஹியூபர்ட் உள்ளதை உள்ளபடி நிரப்பியனுப்பினார். தனியாகத்தான். எப்போதும் உறக்கம். ஆண்டுக்கு ஒருமுறை, வெளிச்சம் ஆகாது, ஈரம் பட்டால் அழுகிவிடும். இதைப் படித்து நிறுவனம் மிகவும் வருந்திவிட்டதாக மூன்றாவது கடிதம் தெரிவித்தது. அந்த வருத்தத்துக்கு ஆன செலவும் கட்டணத்தோடு சேர்க்கப்பட்டிருந்தது.

பிறகு வசூல்காரர்கள் இருவர் வந்தார்கள். இருவரும் கொட்டகை வாசலில் நின்று, மணலில் தலைமட்டும் தெரிய உறங்கிக்கொண்டிருந்த பெர்சியிடம் அவனுடைய உரிமைகளை உரத்த குரலில் வாசித்துக் காட்டினார்கள். அவன் அசையவில்லை. கல்மனசு படைத்தவன் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். மற்றவரின் கண்கள் கலங்கியிருந்தன. அது கொட்டகையில் தொங்கிய மற்ற வெங்காயங்களாலும் இருக்கலாம்.

ஹியூபர்ட் திகைத்துப்போயிருந்தார். பெர்னிஸோ ஆனந்தத்தில் மிதந்தார்.

"என்ன மூளை சார் உங்களுக்கு! ஓட்டுனவரு பேரும் வெலாசமும் குடுத்தாச்சுன்னா பதிவுக்குரியவருக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. சட்டம் அப்படி. நீங்க தப்பிச்சாச்சு!"

"நா எங்க குடுத்தேன்? அது வெங்காயம்னுதான் சொன்னேன்."

"அதையே சொல்லிக்கிட்டு இருங்க. அழகா இருக்கு."

ஆனால் தப்பித்த மகிழ்ச்சி, க்ளிஃபர்ட் ஸ்னெல் தோட்டத்து வேலியருகே வந்து நிற்கும்வரைதான் நீடித்தது. அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல.

"ஹியூபர்ட், ஒன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா கண்காட்சியோட ஏழாவது விதி ஒனக்கே தெரியும். வளர்த்தவரே கொண்டாந்து மேசைல வைக்கணும். இல்லன்னா ஆளாளுக்குக் கடைல வாங்கி அனுப்பிருவான்."

"நான்தானே கொண்டாந்தேன், க்ளிஃபர்ட்?"

"அப்படியா? எதுல?"

ஹியூபர்ட் வாயைத் திறந்தார். தெருவின் இரு பக்கமும் ஜன்னல்கள் அமைதியாக மூடப்படும் ஓசை கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"பாரு," என்றார் ஸ்னெல் கனிவாக. "ஃபேர்பே சொல்றாங்க, காரை ஓட்டிட்டு வந்தது அந்த வெங்காயமேதான்னு. நீ அத மறுக்கல. அப்படின்னா அது தானா வந்திருக்கு. ஒரு வெங்காயத்துக்கு அது பெரிய சாதனதான், நா இல்லேங்கல. ஆனா நீ கொண்டு வரல."

"வாசல்ல நின்னு கார் கதவத் தொறந்துவிட்டதே நீதான்யா! என் மொகத்தப் பார்த்துக் குட் மார்னிங் சொன்ன!"

"ஒரு கார் வந்ததப் பார்த்தேன்," என்றார் ஸ்னெல். ஊரின் விதியைத் தம் வாழ்நாளில் இத்தனை பக்தியோடு அவர் கடைப்பிடித்ததில்லை. "பெர்சி மேல கேஸ் போட்டிருக்காங்களாமே? யாரு ஓட்டுனதுன்னு நீதிமன்றம் சொல்லட்டும். அது வரைக்கும் கோப்பை என் அலமாரிலயே இருக்கும். அதுக்கும் அந்த எடம் பழகிப்போச்சு."

அன்று மாலை ஹியூபர்ட் இதைத் தெல்மாவிடம் சொன்னார். தெல்மா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"போனாப் போகுது. என் பேர வெங்காயத்துக்கு வையின்னு நானா கேட்டேன்?"

"கேக்கல."

"ஊர்ல இருக்கிறவளெல்லாம், தெல்மாவ உரிச்சேன், தெல்மாவப் பொடிப்பொடியா நறுக்குனேன்னு பேசுவா. நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுதான்."

"கல்யாணத்துக்கு ஒரு மோதிரம். அதுக்கப்புறம் இத்தன வருஷம் கழிச்சு ஒரு வெங்காயம். ஆளு முன்னேறிக்கிட்டேதான் இருக்க." அவர் கத்தியை வைத்துவிட்டு விளக்கைப் போட்டார். "கேஸ் ஜெயிச்சுட்டு வா. அது போதும்."

ஆனால் மறுநாள் காலை பெர்சியின் மணலைக் கிளறிவிடக் கொட்டகைக்குப் போன ஹியூபர்ட், தெல்மா அங்கே குனிந்து நிற்பதைக் கண்டார். நாற்றின் பெயரை எழுதிப் பாத்தியில் நடும் தட்டையான மரக் குச்சி ஒன்றை அவர் மணலில் செருகி, ஓரடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியில் அவருடைய கையெழுத்தில், பச்சை வண்ணத்தில், 'தெல்மா' என்று இருந்தது. ஹியூபர்ட்டின் காலடி கேட்டதும் குச்சி சட்டென்று மேலங்கிப் பைக்குள் மறைந்தது.

"எலி வந்துச்சான்னு பார்த்தேன்," என்றார் தெல்மா.

"வந்துச்சா?"

"வரல."

இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, பெர்சி நேரில் வர வேண்டும் என்று ஆணை இருந்ததால் அவனும் அழைத்துவரப்பட்டான். பாதுகாப்புச் சோதனையில் அவனிடம் சாவி, நாணயம், கைப்பேசி ஏதுமில்லை என்று உறுதிசெய்யப்பட்டது. பிரதிவாதிக்குரிய நாற்காலியில், தொப்பியோடு, ஒரு தலையணை மேல் அமர்த்தினார்கள். பக்கத்தில் ஹியூபர்ட், அவருக்குப் பின்னால் பெர்னிஸ், கடைசி வரிசையில் தம் மிகச் சிறந்த தொப்பியை அணிந்து, தமக்கு இதில் அக்கறையே இல்லை என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த தெல்மா. எதிர்ப்புறம் ஸ்னெல், கண்காட்சியின் சார்பில் தீர்ப்பைக் குறித்துக்கொள்ள வந்திருந்தார். மீதி இடத்தையெல்லாம் ஊர் நிரப்பியிருந்தது.

நீதிபதி பெல்வுட் அம்மையார் பெர்சியை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மிஸ்டர் ப்ரௌட், ஒங்க பிரதிவாதி இவருதானா?"

"இவரேதான் மேடம். நான் அவரக் குறுக்குவிசாரணை பண்ணலாமா?"

"முடிஞ்சா பண்ணுங்க."

ப்ரௌட் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெர்சியின் முன் நின்றார். "மிஸ்டர் பெர்சி, அன்னைக்குக் காரை ஓட்டுனது நீங்கதானே?"

பெர்சி பேசவில்லை.

"ஒரு தடவையாவது இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

பெர்சி பேசவில்லை. ஊரார் வரிசையில் மெல்லிய பாராட்டு முனகல் எழுந்தது. தங்களில் ஒருவர்கூட இத்தனை உறுதியோடு நிற்பதை அவர்கள் கண்டதில்லை.

"கவனிச்சீங்களா மேடம்? யாரு ஓட்டுனதுன்னு கேட்டதும் அடைச்ச வாய் தொறக்கல. இவரு அசல் கெட்டில்பெக்காரர்ங்கறதுக்கு வேற அத்தாட்சியே வேணாம்."

நீதிபதி நெற்றியைத் தடவிக்கொண்டார். "மிஸ்டர் ப்ரௌட், வண்டிய நிறுத்துறவங்க பலகையப் படிச்சு ஒத்துக்கிட்டாத்தான் ஒப்பந்தம். இந்தப் பிரதிவாதியால பலகையப் படிக்க முடியுமா?"

"பலகைய யாராலயுமே படிக்க முடியாது மேடம்," என்றார் ப்ரௌட் பெருமையோடு. "அதுல நாங்க யாருக்கும் பாகுபாடு காட்டுறதில்ல."

"படிக்கிற மாதிரி பெருசா எழுதினா என்ன?"

"எழுதிப் பார்த்தோம் மேடம். ஒரு வாரம். எல்லாரும் படிச்சுட்டு நேரத்துக்குக் கெளம்பிட்டாங்க. கம்பெனி மூழ்கியிருக்கும். மறுபடி சின்னதாக்குனப்புறந்தான் மூச்சு வந்துச்சு."

நீதிபதி பேனாவை எடுத்தார்.

"நிறுவனம் தன் சொந்த வாக்குமூலத்திற்குக் கட்டுப்பட்டது," என்று எழுதிக்கொண்டே வாசித்தார். "வாக்குமூலத்தின்படி வண்டியை ஓட்டியவர் இங்கே அமர்ந்திருக்கும் பெர்சி. பெர்சி ஒரு காய்கறி. காய்கறியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது. ஓட்டியவர் அடையாளம் காணப்பட்டுவிட்டதால் பதிவுக்குரியவருக்கும் பொறுப்பில்லை. வழக்குத் தள்ளுபடி செய்யப்படுகிறது." அவர் நிமிர்ந்தார். "ஓட்டுனது பெர்சின்னு பதிவு பண்ணப்போறேன். யாராவது ஏதாவது சொல்லணுமா?"

கேள்வி சடங்குக்காகக் கேட்கப்பட்டது. பெர்னிஸ் ஹியூபர்ட்டின் தோளைப் பிடித்து அழுத்தி, "ஜெயிச்சாச்சு. மூச்சு விடாதீங்க" என்று காதோரம் சொன்னார். எதிர்ப்புறத்தில் ஸ்னெல் தம் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றி, 'ஓட்டியது' என்று எழுதி, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். அடுத்த ஆண்டு விதை உறைகளில் 'ஸ்னெல்லின் பொறுமை' என்று அச்சாகக்கூடும்.

ஹியூபர்ட் திரும்பிப் பார்த்தார். தெல்மா இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய வலக்கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. பையின் விளிம்பில், பச்சை எழுத்திட்ட அந்தக் குச்சியின் நுனி தெரிந்தது.

ஹியூபர்ட் எழுந்து நின்றார்.

"உக்காருங்க," என்றார் பெர்னிஸ்.

"மேடம்."

"உக்காருங்க சார்! காது ரெண்டையும் வெட்டிருவேன்!"

ஊரார் அவர் முகத்திலிருந்து நடக்கப்போவதை உணர்ந்துகொண்டார்கள். ஒரு தாய் தம் மகளின் செவிகளைப் பொத்தினார். போதகர் கண்களை மூடினார். நடக்கக்கூடாத இந்த ஒன்றுக்கு நிறுவனத்தில் எந்தப் படிவமும் இல்லை என்பது நினைவுக்கு வந்து, ப்ரௌட் மேசையைப் பற்றிக்கொண்டார்.

"பெர்சி ஓட்டல மேடம்," என்றார் ஹியூபர்ட். "அவனுக்கு லைசென்ஸே கெடையாது. நான்தான் ஓட்டுனேன். எங்க வீட்டு வாசல்லேர்ந்து ஊர்மன்றம் வரைக்கும், ஒவ்வொரு குழியா ஒதுங்கி ஒதுங்கி, அவன் மேல ஒரு கீறல் விழாம நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். எடுத்து மேசைல வச்சதும் நான்தான். நல்லாக் கேட்டு எழுதிக்கோ க்ளிஃபர்ட். மேடம், நீங்களும் எழுதிக்கோங்க. முப்பது வருஷம் அந்த பஸ்ஸ ஓட்டுனதும் நான்தான்."